கண்ணுக்குள் வந்த குளத்து உயிர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் என் கண்ணுக்குக் கைவைத்தியம் சொல்லி அனுப்ப வேண்டாம். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். தேன் சொன்னார்கள், பன்னீர் சொன்னார்கள், பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து தாய்ப்பால் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார்கள். கால் முறிந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் காலைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்நோய்க்காரனைப் பார்க்க வருகிறவர்கள் கையில் போத்தலோடு வருகிறார்கள். கண்ணைக் கண்டால் அதற்குள் எதையாவது ஊற்றாமல் இருக்க நம்மவர்களால் முடிவதில்லை.

நான் இதை எழுதுவது வட்டைக்குப் போகிறவர்களுக்காக. வட்டை என்று எங்கள் பக்கத்தில் வயல்வெளியைச் சொல்வோம். எனக்கு வீடு கல்முனையில், கொஞ்சம் நெற்காணி சம்மாந்துறைக்கு அப்பால். பிறந்த நாள் தொட்டு எனக்கு வேலை செய்தது வலது கண் மட்டும்தான். இடது கண் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உருவம் தெரியும், முகம் தெரியாது. சோம்பல் கண் என்று டொக்டர்மார் அதைச் சொல்வார்கள். கண்ணில் குறையில்லை, சிறு வயதில் மூளை அதைப் பழக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆகவே வலது கண் போனால் எனக்கு எல்லாம் போனது. இது எனக்கும் தெரியும், என் மனைவி றமீஸாவுக்கும் தெரியும், என் மூத்த சகோதரி ராத்தாவுக்கும் தெரியும். நாங்கள் மூவரும் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரும்போக வெள்ளாமை வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்தது. வெட்டு மெசினுக்குப் பின்னால் நின்றேன். காற்று திரும்பியபோது நெல்லின் சுணையும் தூசுமாக முகத்தில் அடித்தது. வலது கண்ணில் ஏதோ குத்தியது போல இருந்தது. கசக்கினேன். கசக்கக் கூடாது என்று இப்போது தெரியும். பின்னேரத்து அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. வாய்க்காலில் இறங்கி, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழுவைச் செய்தேன். வெட்டுக் காலத்தில் வாய்க்காலில் ஓட்டம் இராது, குளத்திலிருந்து வந்து தேங்கி நிற்கும் மிச்சத் தண்ணீர்தான் இருக்கும். முகத்தை மூன்று தரம் கழுவ வேண்டும். கண் கரித்ததால் நான் இன்னும் சில தரம் கூடவே கழுவினேன், கண்ணைத் திறந்துகொண்டு, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, அதற்குள் கண்ணை வைத்து. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. கரிப்புக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வரப்பில் ஏறித் தொழுதேன்.

எங்கள் வட்டையில் தொழுகிறவர்கள் எல்லோரும் அந்த வாய்க்காலில்தான் வுழுச் செய்வார்கள். என் வாப்பாவும் அங்கேதான் செய்தார். தண்ணீரில் பிழை என்று யாரும் நினைத்ததில்லை. கண்ணில் கீறல் இருக்கும்போது அதில் கழுவலாமா என்று கேட்கவும் யாருக்கும் தோன்றியதில்லை.

சில நாட்களில் கண் சிவந்தது. மச்சான், அதாவது றமீஸாவின் தம்பி, தன் உம்மாவுக்குக் கண்புரை வெட்டியபோது கொடுத்த சொட்டு மருந்தின் மிச்சத்தைக் கொண்டுவந்து தந்தான். நல்ல மனசு. அதைப் போட்டதும் சிவப்புப் போனது, எல்லோரும் சந்தோசப்பட்டோம். அந்த மருந்து வீக்கத்தை அடக்கும், கூடவே கிருமியோடு சண்டை பிடிக்கிற நம் உடம்பின் கையையும் கட்டிப்போடும் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னர் வலி வந்தது. கண்நோய் என்றால் உறுத்தும், எரியும், நீர் வடியும், அது எல்லோருக்கும் தெரியும். இது அப்படியல்ல. கண்ணுக்குள் ஆணியை வைத்து யாரோ ஆறுதலாகத் திருகுகிறது போல. வெளிச்சம் பட்டால் தாங்க முடியாது. வீட்டில் ஜன்னலையெல்லாம் அடைத்து, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, நான் சுவரைப் பார்த்து இருந்தேன்.

ஊரில் பார்த்த டொக்டர் நேரம் கடத்தவில்லை. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தவர், கருவிழிக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற தோலில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கிறது, இதை இங்கே வைத்திருக்க ஏலாது என்றார். அந்தத் தோலைத்தான் கோர்னியா என்கிறார்கள். அது தெளிவாக இருக்கிறவரைக்கும்தான் நமக்கு உலகம். உடனே கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்.

வெள்ளாமை பாதி வயலில் நின்றது. மகளுக்குப் பரீட்சை. றமீஸா வீட்டையும் வட்டையையும் பார்த்துக்கொள்ள, ராத்தாதான் என்னோடு வந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பிள்ளைகள் இல்லை, புருசன் மௌத்தாகி, அதாவது இறந்து, சில வருடங்கள். "நான் போறன். எனக்கென்ன, வீட்டில கோழி நாலு இரிக்கி, அதுகள ஆரும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பையின் அடியில் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. எங்கள் பள்ளிவாசலில் ஓதுகிற அலியார் லெவ்வை ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர். பள்ளிவாசல் கிணற்றில் அள்ளியது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் அந்தத் தண்ணீர் வரும்.

கொழும்பில் கண் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் கூடத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை, நான் அதைப் பார்க்கவில்லை. கேட்டேன். உட்காரும் பலகை வாங்கில்கள் நகரும் சத்தம், இலக்கம் கூப்பிடும் சத்தம், கைக்குழந்தைகளின் அழுகை, யாரோ யாரையோ "மெதுவா, படி இரிக்கி" என்று நடத்திப்போவது. ராத்தா என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தவர்களின் நோய்களையெல்லாம் விசாரித்து முடித்துவிட்டாள். சிங்களம் அவளுக்குத் தெரியாது. அது அவளுக்கு ஒரு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். கொழும்பில் எல்லோரும் என்னை நானா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண் பார்க்கும் மெசினுக்கு முன்னால் இருத்தி, "காக்கா, நாடிய இதில வைங்க" என்றார். காக்கா என்று அண்ணனைக் கூப்பிடுகிறவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான்.

"டொக்டர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பாண்டிருப்பு. கதைக்காதீங்க, அசையும்" என்றார். பாண்டிருப்பு எங்களுக்கு அடுத்த ஊர், தமிழ் இந்துக்களின் ஊர்.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வட்டைக்குப் போறநீங்களா?"

"ஓம்."

"கண்ணில என்னமும் பட்டதா?"

"சுணை அடிச்ச. மறுகா வாய்க்கால்ல கழுவினன். அசருக்கு வுழு எடுக்கணும்தானே."

அவர் மரத்துப்போகும் மருந்தைக் கண்ணில் விட்டு, மெல்லிய கத்தியால் அந்தத் தோலின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தார். வலிக்கவில்லை. ஆனால் சுரண்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்பது போல இருந்தது. எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பசை போன்ற ஒன்றைத் தட்டில் ஊற்றி, அதன் மேல் பக்டீரியாவைப் பூசி வைப்பார்களாம். டொக்டர் சந்தேகப்பட்ட கிருமி, நம் ஆள், அந்தச் சுரண்டலில் இருந்தால், பசி தாங்காமல் வெளியே வந்து பக்டீரியாவைத் தின்றுகொண்டே போவாராம். சேற்று வயலில் எருமை போன தடம் போல, அவர் போன வழி தட்டில் தெரியுமாம். தடம் தெரிந்தது.

"காக்கா, இது அமீபா" என்றார் டொக்டர். "பக்டீரியாவும் இல்ல, வைரசும் இல்ல. குளத்துத் தண்ணியில, வாய்க்கால்ல, சேத்தில இரிக்கிற ஒரு உயிர். ஒத்தைக் கலம்தான் அதிட முழு உடம்பும்."

"கலம் எண்டா?"

"நம்மட உடம்பு கல்லுக் கல்லா அடுக்கிக் கட்டின வீடு மாதிரி. அந்தக் கல்லுத்தான் கலம். நம்மளுக்குக் கோடிக் கணக்கில. அதுக்கு ஒண்டே ஒண்டு."

வாய் இல்லை, வயிறு இல்லை, கால் இல்லை. நடக்க வேண்டுமானால் உடம்பையே ஒரு பக்கம் நீட்டி, மிச்சத்தை அதற்குள் இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டைக் கண்டால் உடம்பாலேயே சுற்றி வளைத்து உள்ளே எடுத்துவிடும். எனக்கு விருந்து வீடுகளில் பார்த்த சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள், சொல்லவில்லை. அதைக் கண்ணால் பார்க்க ஏலாது என்றார். பார்க்க முடியாத ஒன்று என் பார்வையைத் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் நன்றாகப் பயந்துபோனேன். இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

கண் தப்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அப்படிச் சொல்கிற டொக்டர்களை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. தப்பும் என்று பொய் சொல்பவர்களைவிட அவர்களே மேல் என்பதை இந்த நோயில் கற்றுக்கொண்டேன்.

கட்டிலில் போட்டார்கள். மருந்து, சொட்டு மருந்துதான். ஆனால் மணிக்கு ஒரு தரம், பகலும் இரவும். இரண்டு வகைச் சொட்டு, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டும் கண்ணில் மிளகாய்த் தூள் போல எரியும். எரிவு அடங்கிக் கண் அசந்தால், தாதி வந்து தோளைத் தட்டுவார். நித்திரையை நான் துண்டு துண்டாகத்தான் கண்டேன். சில நாட்களில் எனக்குக் கிழமையும் தெரியவில்லை, நேரமும் தெரியவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் எங்கோ தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து வரும். அது விடியல் சுபஹா, பின்னேர அசரா என்று ராத்தாவைக் கேட்க வேண்டியிருந்தது. ஆண்கள் வாட்டு என்பதால் இரவில் அவள் தங்க முடியாது. எனக்குப் பார்வை இல்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததால் பகலில் மட்டும் விட்டார்கள். தூரத்து உறவுக்காரர் வீடொன்றில் படுத்துவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

ஏன் இவ்வளவு சொட்டு என்று டொக்டரைக் கேட்டேன். அவர் சொன்னது ஒரு விவசாயிக்கு விளங்காத விசயம் இல்லை. இந்த உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், தண்ணீர் வற்றினால், சாப்பாடு முடிந்தால், மருந்து பட்டால், தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே படுத்துவிடும். அப்படி வருடக் கணக்கில் கிடக்கும். கோடையில் குளம் வற்றி, அடி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதில் உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் மழைக்கு எல்லாம் எழும்பி வரும்.

"சுவருக்குள்ள இரிக்கும்போது நம்மட மருந்து லேசில போகாது" என்றார். "அது எழும்பி வெளிய வாற நேரம் பாத்து மருந்து அங்க நிக்கணும். எப்ப எழும்பும் எண்டு நம்மளுக்குத் தெரியா. அதான் ஒரு மணித்தியாலமும் விடேலா."

வேறு பொழுதுபோக்கு இல்லாததால், காலையில் டொக்டர் வரும்போதெல்லாம் குளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவரும் நம் பக்கத்துக் குளத்தில் குளித்து வளர்ந்த பிள்ளை. நேரம் இருந்தால் சொல்வார். செருப்பின் அடிபோல ஒரு உயிர் உண்டு, உடம்பெல்லாம் மயிர், அதையே துடுப்பாக அடித்துக்கொண்டு போகும். பச்சை நிறத்தில் ஒன்று, செடி போல வெயிலில் சமைத்தும் சாப்பிடும், வாலை அடித்து நீந்தவும் செய்யும். இன்னொன்று மணி போல, ஒரு காம்பில் தொங்கும், தொட்டால் காம்பு சுருண்டு கீழே இழுத்துக்கொள்ளும். எல்லாம் ஒற்றைக் கலம். குளத்துத் தண்ணீர் பச்சையாகத் தெரிவதும் அநேகமாக இப்படிப்பட்டவைகளால்தான். மீன் குஞ்சுகள் இவற்றைத் தின்றுதான் வளர்கின்றன. இவற்றில் எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது. நம்முடைய அமீபாவும் கண்ணைத் தேடி வருவதில்லையாம். கீறல் இருந்தது, உள்ளே போனது, அங்கே சாப்பாடு இருந்தது, தங்கிவிட்டது. இத்தனை வருடம் நான் வெறும் தண்ணீர் என்று நினைத்துக் கழுவியதில் ஒரு ஊரே குடியிருந்திருக்கிறது.

ராத்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். டொக்டர் போனதும், "எல்லாத்துக்கும் அல்லாஹ்தானே சாப்பாடு குடுக்கான்" என்பாள்.

"ஓம், என்ட கண்ணையா குடுக்கணும்?" என்பேன்.

"வாயக் கழுவு."

அவள் வந்ததும் முதலில் செய்வது ஒன்றுதான். கைலேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, லெவ்வை கொடுத்த போத்தல் தண்ணீரில் நனைத்து, நபிக்கு ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே என் நெற்றியை, கன்னத்தை, கடைசியாக மூடிய கண்ணைத் துடைத்துவிடுவாள். இமையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பீளையை மெதுவாக எடுப்பாள். இரவெல்லாம் எரிந்த கண்ணுக்கு அந்த ஈரம் எப்படி இருக்கும் என்று படுத்திருந்தவனுக்குத்தான் தெரியும். அதற்காகவே நான் விடியலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டொக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் தண்ணீர் என்றால் எனக்குக் குளமும் குழாயும்தான் மனதில் வந்தன. ஓதின தண்ணீரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தேறி வந்த கண், பிறகு பின்வாங்கியது. வளையம் குறையவில்லை. அதற்கு மேல் புதிதாகச் சீழ் கட்டியது. டொக்டர் மறுபடியும் சுரண்டினார். இந்தத் தரம் அமீபாவோடு வேறு கிருமியும் சேர்ந்திருக்கிறது என்று முடிவு வந்தது. இப்படியே போனால் தோல் ஓட்டையாகிவிடும், அதற்குப் பிறகு தன்னால் எதுவும் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். றமீஸா போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. போகிறதென்றால் போகட்டும், இந்த எரிவு நின்றால் போதும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை டொக்டர் வழமையை விட முந்தி வந்தார். வந்தவர் கட்டிலடியில் பேசாமல் நின்றிருக்கிறார். ராத்தா என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, கைலேஞ்சியை அலசி வர அவள் வெளியே போனதும், டொக்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"காக்கா, அது என்ன தண்ணி?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் மெல்லக் கதைத்தார். "நான் சொல்லிருவன், எனக்கு ஒரு நிமிசம் போதும். ஆனா நான் பாண்டிருப்புப் பிள்ளை. ஓதின தண்ணியால கண் கெட்டுப் போச்செண்டு நான் அவவுக்குச் சொன்னா, அது எப்பிடிப் போய் முடியும் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஓதினதில பிழை இல்ல. கிணத்துத் தண்ணி, போத்தலுக்குள்ள சூட்டில கிடந்திரிக்கி. நீங்களே சொல்லுங்க. ஆனா இண்டைக்குச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? எங்கள் உம்மா மௌத்தானபோது எனக்குச் சோறூட்டியவள் அவள். சொன்னால் நிறுத்திவிடுவாள், அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என் கண் போனால், தம்பியின் கண்ணைத் தன் கையால் கெடுத்தேன் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். என் கண் ஒன்று, அவளுடைய மனசு ஒன்று, இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று அரைமணி நேரம் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

கடைசியில் பக்கத்துக் கட்டில் பியதாசவின் உதவியைக் கேட்டேன். மகியங்கனைப் பக்கத்து மனிதர், ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண் நல்லது. எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் விசயத்தைச் சொல்லி, லெவ்வையின் இலக்கத்தைப் போனில் தேடி அழுத்தச் சொன்னேன். ராத்தா தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரம். லெவ்வை முழுவதையும் கேட்டார்.  தன் தண்ணீரைப் பற்றி இப்படிக் கேட்பது அவருக்கும் லேசாக இருந்திருக்காது.

"போன வைங்க. நான் எடுக்கிறன்" என்றார்.

ராத்தா வந்து தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். லெவ்வை சுகம் விசாரித்தார், மழை விசாரித்தார். பிறகு, "புள்ள, கொண்டுபோன தண்ணி பழசாப் போயிரிக்கும், அத இனி விட்டிருங்க. தம்பிட மருந்துப் போத்தில எடுத்து இந்தப் போனுக்குக் கிட்டப் புடிங்க, மூடி திறக்க வேணா. நான் அதுக்கு ஓதுறன். நோய்க்கு மருந்து செய்யச் சொல்லித்தானே மார்க்கமும் சொல்லுது. இனி அதயே நேரம் தவறாமப் போடுங்க" என்றார்.

ராத்தா இரண்டு போத்தல்களையும் எடுத்துப் போனருகே பிடித்தாள். லெவ்வை ஓதினார்.  முடியும் தறுவாயில் பியதாச தன் மருந்துப் போத்தலையும் நீட்டியிருக்கிறார். ராத்தா அதையும் வாங்கி வரிசையில் வைத்தாளாம்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆள். மிச்சத் தண்ணீரை வெளியே மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். தாதியிடம் சொட்டுப் போடப் பழகினாள். கை கழுவி, துடைத்து, கீழ் இமையை இழுத்து, போத்தல் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. பிறகு மூக்கோரத்தில் விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும், மருந்து தொண்டைக்குள் இறங்காமல் இருக்க. பகல் முழுக்க ஒரு சொட்டுப் பிந்தவில்லை. அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லாமல் ஒரு சொட்டு விழவில்லை. தாதிகள் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு அவளைக் காட்டத் தொடங்கினார்கள்.

கண் ஆறுதலாக, மிக ஆறுதலாகத் திரும்பியது. முதலில் வலி குறைந்தது. பிறகு சீழ் போனது. பனிக்குள் நிற்கிற மாதிரித்தான் எல்லாம் தெரிந்தது, ஆனாலும் ஒரு காலை ஜன்னலில் கம்பிகள் இருப்பதைக் கண்டேன். அடுத்தடுத்த நாட்களில் கம்பிகளுக்கு அப்பால் ஒரு மரம், பிறகு மரத்தில் இலை. பியதாசவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, குரலை வைத்து நான் அவரை நல்ல உயரமான ஆளாக நினைத்திருந்தேன்.

கருவிழித் தோலில் வடு இருக்கும், பழைய பார்வை முழுதாக வராது என்று டொக்டர் சொன்னார். இன்னும் பல மாதத்துக்குச் சொட்டுப் போட வேண்டும், சுவருக்குள் ஒன்றிரண்டு படுத்திருக்கலாம். இனி வட்டைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போக வேண்டும், வுழுவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், கண்ணில் ஏதும் பட்டால் கசக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைத்தது. ராத்தா டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாண்டிருப்பில் அவருடைய வீடு எந்த ஒழுங்கையில், எந்தச் சந்தில் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

பகல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். அப்போது சொட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. மலை இறங்கி, வளைவு வளைவாகப் பஸ் ஆடிக்கொண்டு போன இடத்தில் நேரம் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் போட்டால் போத்தல் நுனி கண்ணில் குத்தும். பரவாயில்லை, கொஞ்சம் பிந்தட்டும் என்றேன். ராத்தா எழும்பி, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துச் சாரதியிடம் போனாள்.

"மனே, ஒரு சொட்டு மருந்து போடணும். கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"ராத்தா, முன்னுக்கு ஹோட்டல்ல நிப்பாட்டுவம்தானே."

"ஹோட்டல் வருமட்டும் இது பொறுக்காது. ஒரு சொட்டுத்தான்."

பஸ் ஓரமாக நின்றது. பின்னால் யாரோ ஏன் என்று கேட்டார்கள், யாரோ கண் மருந்து என்று பதில் சொன்னார்கள்.  ராத்தா கையில் கிருமிநாசினியைத் தேய்த்து உலரவிட்டாள்.

"மேல பாரு."

சொட்டு விழுந்தது. எரிந்தது.

"மூடு. நான் சொல்லுமட்டும் திறக்காத."

மூக்கோரத்தில் விரலை வைத்து அமத்தினாள். பிறகு என் காதருகே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"லெவ்வை அண்டைக்குத் தானா கோல் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும், தம்பி. நான் தேத்தண்ணியோட கதவடியிலதான் நிண்டன். நான் துடைச்ச தண்ணிதான் உன்ட கண்ணக் கெடுத்த. எனக்கு நோகும் எண்டு நீ சொல்லாம விட்டாய். எனக்குத் தெரியாத மாதிரி இரிந்தாத்தான் உனக்கு நோகாது எண்டு நானும் இரிந்திட்டன்."

எனக்குக் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"திறக்காத எண்டன்" என்றாள். விரல் இடத்தை விட்டு அசையவில்லை.

நேரம் முடிந்து விரலை எடுத்தாள். நான் திறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"சரி மனே, இனி எடுங்க" என்றாள் சாரதியிடம். "அடுத்த சொட்டுக்கு நான் சொல்லுறன்."